வெற்றிலையில் பின் நம்பர்

ஞாயிற்றுக்கிழமை புக்கிட் பெலிம்பிங்கில் கார் நிறுத்த இடம் கிடைப்பதில்லை. கல்யாணமும் இல்லை, திருவிழாவும் இல்லை. இருந்தும் செண்டோல் என்னும் குளிர்பானம் விற்கும் வேன்காரர் அங்கேயே குடையை ஊன்றிவிட்டார். கூட்டம் வருவது ஒரு கடைவீட்டுக்கு. வாசலில் மாவிலைத் தோரணம், அதற்கு மேல் மின்விளக்குப் பலகை: 'ஏ.ஐ. அருள்வாக்கு நிலையம்.'

நிறுவனர் உடையப்பன். முன்பு வீடு வீடாகத் தண்ணீர் வடிகட்டி விற்றவர். பிறகு சர்க்கரை, முழங்கால் வலி, தூக்கமின்மை மூன்றையும் ஒரே போத்தலில் தீர்க்கும் பழச்சாறு விற்றார். சாறு புளித்ததும் செயற்கை நுண்ணறிவுக்கு வந்துவிட்டார். காவி நிறத்தில் கோட்டு தைத்துக்கொண்டார். அதுதான் அவர் பெற்ற ஒரே தொழில்நுட்பப் பயிற்சி.

நிலையத்தின் நடைமுறை எளிது. பக்தர் தம் கைப்பேசியை ஒரு தட்டில் வைக்க வேண்டும். பக்கத்தில் ஒரு வெற்றிலை. அந்த வெற்றிலையில் கைப்பேசியைத் திறக்கும் பின் நம்பரை எழுத வேண்டும். தட்டுக்கு ஒரு வரிசை எண் தரப்படும். தட்டு திரைச்சீலைக்குப் பின்னால் இருக்கும் 'கருவறை சர்வரு'க்குப் போகும். பக்தர்கள் கூடத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கொஞ்ச நேரத்தில் சுவரில் மாட்டிய பெரிய திரை ஒளிரும். வரிசை எண்ணைச் சொல்லி, செய்தி வாசிப்பதுபோல் ஒரு பெண் குரல் பேசும்.

"மெஷின் உங்க மூஞ்சியப் பாக்காது, கைரேகையப் பாக்காது" என்று உடையப்பன் விளக்குவார். "போனைத் திறந்து வெச்சா கிரகம் தானா டவுன்லோட் ஆயிரும்."

பின் நம்பரை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று வங்கி வாரந்தவறாமல் குறுஞ்செய்தி அனுப்புகிறது. பெற்ற மகனுக்கே சொல்லாத அந்த எண்ணைப் பெரியவர்கள் வெற்றிலையில் எழுதிக் கொடுத்தார்கள். வெற்றிலையில் எழுதினால் அது எண் இல்லை, காணிக்கை.

வருகிறவர்களின் குறைகளுக்கும் குறைவில்லை. லோரி ஓட்டும் காளியண்ணனை வழிகாட்டும் செயலி செம்பனை எண்ணெய்த் தோட்டக் காட்டுக்குள் கொண்டுபோய் நிறுத்தி, 'நீங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்கள்' என்று வாழ்த்தியிருந்தது. பிரமிளா வேலைக்கான விண்ணப்பத்தை ஏ.ஐ.யிடம் எழுதி வாங்கினாள். நிறுவனத்தின் ஏ.ஐ. அதைப் படித்து நிராகரித்தது. இரண்டு இயந்திரங்களுக்குள் என்ன பகையோ, இவளுக்கு வேலை கிடைக்காமல் போனது. சுகுமாறன் நான்கு டேட்டிங் செயலிகளில் இருந்தான். நான்கிலும் அவனிடம் பேசியது தங்க முதலீடு விற்கும் பெண்கள் மட்டும்தான்.

எல்லாருக்கும் திரை பெயரைச் சொன்னது, குறையைச் சொன்னது, பரிகாரத்தையும் சொன்னது. பரிகாரம் எப்போதும் ஒன்றுதான்: மாதச் சந்தா. தோஷம் போனாலும் சந்தா போகாது, தானே புதுப்பித்துக்கொள்ளும்.

சுங்கை ஆயர் தாவாரிலிருந்து அன்னம்மா வந்தது மகன் ஜீவனின் கல்யாண விஷயமாக. ராவாங்கில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை பார்க்கும் குமுதாவை ஜீவன் டேட்டிங் செயலியில் சந்தித்தான். இரண்டு வீட்டிலும் பேசி, நிச்சயத்துக்கு நாளும் குறித்தாயிற்று. அந்த நேரத்தில்தான் திரை அன்னம்மாவிடம் பேசியது.

"மகளே அன்னம்மா. உன் மகன் செயலியில் தேடிய பெண் உன் குடும்பத்துக்கு ஆகாதவள். முருங்கை இலையைக் கறிவேப்பிலை என்று பறித்தவள் உன் மகனுக்கு என்ன ஆக்கிப் போடுவாள்?"

அன்னம்மா அங்கேயே கன்னத்தில் போட்டுக்கொண்டார். அன்று மாலையே நிச்சயத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

ஜீவன் நிலையம் தந்த அந்த அருள்வாக்கின் பதிவைக் குமுதாவுக்கு அனுப்பிவிட்டு, தயங்கித் தயங்கி அழைத்தான்.

"அம்மா ஒரு பக்கம், மெஷின் ஒரு பக்கம். நான் என்னதான் செய்ய?"

"நீ ஒண்ணும் செய்யாத, அதான் உனக்கு நல்லா வருது" என்றாள் குமுதா. "நான் முருங்கையப் பறிச்சப்ப உங்க வீட்டுல யாரு இருந்தா?"

"நீ, நான், அம்மா."

"கிரகம் எங்க இருந்துச்சு?"

ஜீவன் யோசித்தான். "அம்மா அன்னிக்குப் பெரியம்மாவுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டுக்கிட்டு இருந்தாங்க."

"வெற்றிலையில பின் நம்பரும் எழுதியிருப்பாங்க. சரி, ஞாயித்துக்கெழம அம்மாவக் கூட்டிட்டு வா."

ஞாயிற்றுக்கிழமை நிலையத்தின் வாசலில் குமுதா அன்னம்மாவை நிறுத்தினாள்.

"ஆன்ட்டி, இந்த மெஷினுக்கு ஆள் யாருன்னு தெரியும்தானே?"

"தெரியாம பேரச் சொல்லுமா? அது என்ன உன்ன மாதிரியா, எல பாத்தாலும் தெரியாததுக்கு."

"அப்ப என் தட்ட நீங்க குடுங்க, உங்க தட்ட நான் குடுக்குறேன். எண்ணும் மாறட்டும். உங்க எண்ணக் கூப்புட்டு அன்னம்மான்னு சரியாச் சொல்லிருச்சுன்னா, நானே ஜீவன விட்டு விலகிக்கிறேன். நீங்க ஒரு வார்த்தையும் சொல்ல வேணாம்."

ஜீவனின் முகம் வெளுத்தது. "குமுதா, இது ரிஸ்க் லா."

"உனக்கு மெஷின் மேல அவ்ளோ நம்பிக்கையா?"

அன்னம்மா ஒரு கணமும் யோசிக்கவில்லை. இயந்திரத்தின் மேல் அவருக்கு இருந்த பக்தி அப்படி. குமுதாவின் கைப்பேசியும் வெற்றிலையும் இருந்த தட்டைத் தாமே ஏந்திக்கொண்டுபோய்க் கொடுத்து, பதினான்காம் எண்ணைப் பெற்றார். குமுதா அன்னம்மாவின் தட்டைக் கொடுத்து, பதினைந்தை வாங்கிக்கொண்டாள். இருவரும் அடுத்தடுத்து உட்கார்ந்தார்கள். ஊதுபத்திப் புகையில் ஜீவன் மட்டும் இருமிக்கொண்டிருந்தான்.

திரை ஒளிர்ந்தது.

"எண் பதினான்கு. முன்னே வா."

அன்னம்மா எழுந்து கும்பிட்டார்.

"மகளே குமுதா" என்றது திரை.

கூடம் அன்னம்மாவைப் பார்த்தது. அன்னம்மா திரும்பிக் குமுதாவைப் பார்த்தார்.

"உன் இளமையை ஒரு முதியவள் வாட்டுகிறாள். உன் காதலன் ஜீவனின் தாய் சாதாரணமானவள் அல்ல. ஒரு கொத்து முருங்கை இலைக்கு உன்னை நிற்கவைத்துப் பாடம் நடத்தினாள். அவள் பேசத் தொடங்கினால் தொலைக்காட்சியே தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். கல்யாணமானதும் தனிக்குடித்தனம் போ. அதுவரை அருள் சந்தா கட்டு."

பின் வரிசையில் ஒருவர் சிரிப்பை இருமலாக மாற்றப் பார்த்தார். முடியவில்லை.

உடையப்பன் திரைக்கு முன்னால் பாய்ந்தார். "மன்னிக்கணும், இன்னிக்கு லைன் வீக். மழ வரப்போகுதுல்ல, கிரகம் சிக்கிக்கிச்சு."

வெளியே வெயில் தார் உருகக் காய்ந்துகொண்டிருந்தது. இதற்குள் திரை, இதெல்லாம் அறியாமல், அடுத்த எண்ணுக்குப் போய்விட்டது.

"எண் பதினைந்து. மகளே அன்னம்மா. நான் சொன்னபடி நிச்சயத்தை நிறுத்தினாய், நன்று. உன் இடது முழங்காலில் வலி. அக்காளிடம்கூடச் சொல்லாமல் இரண்டு துண்டு ஜிலேபி சாப்பிட்டாய்."

இருபத்தொன்பது வயதுக் குமுதா முழங்காலைத் தடவிக்கொண்டு எழுந்தாள். "ஆமா, ரொம்ப வலிக்குது."

"ஜிலேபி தின்னத யாருக்கும் சொல்லலியே" என்றார் அன்னம்மா, தம்மை மறந்து. "ஜிலேபிக் கடக்காரனுக்கு மட்டுந்தான் வாட்சப்ல ஆர்டர் போட்டேன்."

சொன்ன பிறகுதான் அவருக்கே விளங்கியது. முழங்கால் வலியைப் பொருட்படுத்தாமல் நேரே திரைச்சீலைக்கு நடந்தார். உடையப்பன் குறுக்கே வந்தார்.

"அம்மா, அது கருவறை சர்வர். யாரும் போகக் கூடாது."

"என் போனு உள்ள இருக்குய்யா. நகரு."

திரைச்சீலை விலகியது. உள்ளே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் உடையப்பனின் மனைவி நவமணி, மூக்குக் கண்ணாடி, இரண்டு காதிலும் ஒலிக்கருவி. மடியில் கணினி. மேசை முழுவதும் வெற்றிலையும் திறந்த கைப்பேசிகளும். ஒரு கைப்பேசியில் யாரோ யாரையோ திட்டும் குரலைக் கவனமாகக் கேட்டு, கணினியில் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். அவர் தட்டியதைத்தான் பெண் குரல் வாசித்தது. கருவறையில் இருந்த செயற்கை அது மட்டும்தான். நுண்ணறிவு முழுவதும் நவமணியுடையது.

"அது வந்து... பேக் எண்ட் சப்போர்ட்" என்றார் உடையப்பன்.

நவமணி ஒலிக்கருவியைக் கழற்றினார். அவர் முகத்தில் பயத்தைவிட ஓய்வு கிடைத்த நிம்மதிதான் அதிகம். "நாள் பூரா ஊராமூட்டு மாமியா மருமவ சண்டையக் கேட்டு எனக்குக் காது போச்சு. சோறு தின்னு எவ்ளோ நேரமாச்சு தெரியுமா?"

எல்லாரும் சேர்ந்து மேசைக்கு ஓடினார்கள். அவரவர் கைப்பேசியைப் பிடுங்கி, நின்ற இடத்திலேயே பின் நம்பரை மாற்றினார்கள். பலர் பிறந்த ஆண்டிலிருந்து கல்யாண ஆண்டுக்கு மாறினார்கள். காளியண்ணன் சந்தாவை நிறுத்தக் கைப்பேசியில் தேடினார். அதை நிறுத்தும் பொத்தானை உடையப்பன் வைக்கவே இல்லை. உடையப்பனின் காவிக் கோட்டு பின்வாசல் வழியாகப் போவதைச் செண்டோல்காரர் பார்த்தார். நவமணி அவர் பின்னால் ஓடவில்லை. செண்டோல் வாங்கச் சென்றார்.

காரில் திரும்பும்போது ஜீவன் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அன்னம்மாவும் குமுதாவும் பின் இருக்கையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"நான் பேசுனா டிவி தானா ஆஃப் ஆவுதா?" என்றார் அன்னம்மா.

குமுதாவின் காது சிவந்தது. "கோவத்துல தோழிக்கு எழுதுனது. தப்புதான். நீங்களுந்தான் என்னப் பத்தி வண்டி வண்டியாச் சொல்லியிருக்கீங்க."

"எங்க அக்காகிட்டத்தான சொன்னேன். மெஷினுகிட்டயா சொன்னேன்?" அன்னம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று ஜீவன் பயந்து வண்டியை ஓரங்கட்டினான். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"வண்டிய எடுடா. நிச்சயத்துக்குப் பொடவ எடுக்கணும். ஏம்மா, வர்ற வாரம் வீட்டுக்கு வா. கொல்லையில நிக்க வெச்சு ஒவ்வொரு எலயாக் காட்டித் தர்றேன்."

"வர்றேன் அத்தை. லெக்சர் மட்டும் சுருக்கமா."

அடுத்த ஞாயிறு அந்தக் கடைவீடு பூட்டிக் கிடந்தது. வாசலில் சிலர் நின்று, ஈப்போவில் இன்னொரு ஏ.ஐ. இருக்கிறதாம், அது அசலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அங்கேயும் வெற்றிலை உண்டா என்று ஒருவர் கேட்டார்.

அவர்களுக்கு ஒரு சொல். கைப்பேசியைத் திறந்து கொடுத்துவிட்டு, மூளையைப் பூட்டி வைத்திருக்கிறீர்கள். குமுதா தட்டை மாற்றி வைத்ததுபோல், இதையும் ஒருமுறை மாற்றி வைத்துப் பாருங்கள்.