தளபதியின் முழங்கால்

"உன் ஊசி என் கவசத்துல படவே படாது!" என்று சபதம் போட்டுவிட்டார் தளபதி.

ஆள் என்னவோ இன்ஷூரன்ஸ் ஆபீஸ் குமாஸ்தாதான். ஆபீஸ் மாறுவேடப் போட்டிக்காக விண்வெளிப் படைவீரன் உடுப்பு செய்ய ஆரம்பித்ததும் மனைவி வைத்த பெயர் தளபதி. பந்தயம், வீட்டின் பின்பக்கக் காலி அறை. உதவி கேட்காமல் போட்டிக்குக் கிளம்பிவிட்டால் அது அவருடைய பட்டறை. கேட்டுவிட்டால் அவளுடைய தையல் அறை.

மார்பு, தோள், தொடை எல்லாம் கச்சிதம். கெட்டி ஃபோம் அட்டையில் வெட்டி வெள்ளை பெயின்ட் அடித்திருந்தார். மிஞ்சியவை முழங்கால் தகடுகள். ஊராருக்கு பேன்ட் தைத்துக் கொடுப்பவள் சும்மா இருப்பாளா?

"உக்காந்து அளவெடுங்க. கீழ மட்டும் ஒட்டுங்க, மேல எலாஸ்டிக் குடுங்க. இல்லேன்னா முட்டி மடங்காது."

"படைவீரனுக்கு எலாஸ்டிக்கா? இது என்ன பாவாடையா?"

நின்றுகொண்டே அளவெடுத்தார். தகட்டின் மேல்விளிம்பைத் தொடைக் கவசத்தோடும் கீழ்விளிம்பைக் கெண்டைக்கால் கவசத்தோடும் சேர்த்துப் பசையை அப்பினார். பால்கனியில் காயவைத்து, புறா எச்சமிடாமல் பகல் முழுக்கக் காவல் நின்றார். அவள் மறுபேச்சுப் பேசவில்லை. அப்போதே அவர் சுதாரித்திருக்க வேண்டும்.

சாயங்காலம் மாட்டிக்கொண்டு ஓரடி வைத்துப் பார்த்தார். கால்கள் இரண்டும் மரக்கட்டை. போட்டி முடிவில் மேனேஜர் முன் ஒரு காலை மடக்கி மண்டியிடப்போவதாக ஆபீஸ் முழுக்கப் பீற்றிக்கொண்டாகிவிட்டது. கீழே நண்பரின் கார் ஹாரன் அடித்தது.

"உக்காருங்க, காபி குடிச்சிட்டுப் போகலாம்."

"வீரன் நின்னுதான் குடிப்பான்."

"ஷூ லேஸ் அவுந்திருக்கு."

"அது டிசைன்."

"ஹெல்மெட் தரையில கிடக்கு பாருங்க."

சற்றுமுன் மேசைமேல் இருந்த ஹெல்மெட்! குனியப் பார்த்தார், முடியவில்லை.

"எடுத்துக் குடேன்."

"உதவி கேக்கறீங்களா?"

"சேச்சே! சும்மா சொன்னேன்."

ஹெல்மெட் இல்லாமலே விறைத்து விறைத்து வாசலைத் தாண்டினார். மாடிப்படி வந்தது. ஒரு காலைக் கீழே இறக்கினால் மற்றது மடங்க மாட்டேன் என்கிறது. கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்தபடி எட்டிப் பார்த்தார், தலை சுற்றியது. மறுபடி ஹாரன். அறை போகிறதே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் உயிர் அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

"ஏம்மா... கொஞ்சம்..."

"கொஞ்சம்?"

"உதவி!" என்று அலறினார். பக்கத்து வீட்டுக் கதவுகூடத் திறந்தது.

அவரைக் கூடத்துக்கு நகர்த்திக்கொண்டு வந்து, மேல்விளிம்பைக் கத்தரியால் நறுக்கிப் பிரித்தாள். அளவாக வெட்டிய எலாஸ்டிக் துண்டுகள் அவள் கையில் தயாராக இருந்தன. கையூசியால் மளமளவென்று தைத்தாள்.

"என் அளவு உனக்கு எப்படி...?"

"நேத்து டிவி முன்னால தூங்கினீங்களே, அப்ப எடுத்தது. உக்காந்துதானே தூங்கறீங்க? ம், மண்டி போடுங்க பாப்போம்."

போட்டார். முட்டி வெண்ணெயாக மடங்கியது. அந்த உயரத்திலிருந்து, பின்பக்க அறையின் திரைக்குக் கீழே ஏதோ இரும்பு தெரிந்தது. உற்றுப் பார்த்தார். தையல் மெஷினின் மிதிகட்டை.

"மெஷின் எப்ப அங்க போச்சு?"

"நீங்க பசை டப்பாவைத் திறந்தப்பவே."