ஒரே ஆளைத் தாங்கும் வீல்

இனிமேல் இந்தக் காரில் பலாப்பழம் ஏறாது என்று கருப்பண்ணன் முடிவெடுத்தார். பலாப்பழம் மட்டுமல்ல. வாழைத்தார், மரவள்ளிக் கிழங்கு, மிளகு மூட்டை எதுவும் ஏறாது. முக்கியமாக, மனைவி விஜயா ஏற மாட்டாள். இதை அவளிடம் வாய்விட்டுச் சொல்லும் தைரியம் கொல்லிமலையில் எந்த ஆணுக்கும் கிடையாது. எனவே சொல்லாமலே நடக்க வேண்டும்.

கார் மகன் பிரவீனுடையது. சிவப்பு நிறம், இரண்டே சீட், தரையோடு படுத்துக் கிடக்கும் ஸ்போர்ட்ஸ் கார். ஓசூரில் வேலை பார்த்தவன் வெளிநாடு போகும்போது, "அப்பா, வாரம் ஒருக்கா ஓட்டுங்க, இல்லாட்டி பேட்டரி போயிரும்" என்று வீட்டில் விட்டுப் போனான். அதைப் பார்க்க மலையில் அவர்கள் பகுதியான ஆலத்தூர் நாடே மூன்று நாள் திரண்டு வந்தது. நான்காம் நாள் விஜயா பின்னால் போய் டிக்கியைத் திறந்து பார்த்தாள்.

"சின்னதுதான். ரெண்டு பழம் கொள்ளும்."

அன்றிலிருந்து அது சந்தை வண்டி.

கருப்பண்ணனுக்கு இருபத்திமூன்று வயதில் ஒரு வாடகை ஜீப் இருந்தது. சேந்தமங்கலத்தில் ஆட்களை இறக்கிவிட்டுச் சாயங்காலம் காலி வண்டியில் மலையேறுவார். எழுபது வளைவு. பாதி மலை தாண்டியதும் காற்று சட்டென்று குளிர்ந்து சட்டைக்குள் புகும். காப்பி பூத்த நாட்களில் அந்த வாசனையே வண்டியை இழுத்துக்கொண்டு போவது போலிருக்கும். பக்கத்தில் யாரும் கிடையாது. அந்த அரைமணி நேரத்துக்கு அவர் யாருக்கும் மகனில்லை, தம்பியில்லை, கடன்காரனில்லை. சாகும் முன் ஒரு தடவையாவது அப்படி ஓட்டிவிட வேண்டும் என்பதுதான் அவர் ஆசை.

இப்போது பக்கத்து சீட்டில் விஜயா இருந்தாள்.

"ஏனுங்க, ஹாரன் அடிங்க. ஏனுங்க, பஸ்ஸு வருது. ஏனுங்க, அந்தக் குரங்கு ரோட்டுக்கு வாரதுக்குப் பாக்குது."

எழுபது வளைவுக்கு எழுபது ஏனுங்க. குரங்குகள் தனிக்கணக்கு.

டயர் தேய்ந்துவிட்டது என்று வீட்டில் சொல்லிவிட்டு அவர் சேலத்துக்குப் போனார். அங்கே வீல் கடை வைத்திருந்த யுவராஜ் காரைச் சுற்றி வந்து தலையைச் சொறிந்தான்.

"இப்ப இருக்கறது பதினேழு இஞ்ச் வீலுங்க. ஆஃப்செட் நாப்பத்தஞ்சு. நீங்க கேக்கறது பதினெட்டு இஞ்ச், ஆஃப்செட் முப்பது. அந்த நம்பர் கொறையக் கொறைய வீல் வெளிய தள்ளுமுங்க. அகலமும் கூடப் போகுது. மொத்தத்துல ஒரு இஞ்ச் துருத்திக்கிட்டு நிக்கும்."

"நிக்கட்டும்."

"பாரத்துல வண்டி எறங்குச்சுன்னா வளைவுல மட்கார்டு உரசுமுங்க. நீங்க ஒருத்தர் போனா பரவால்லீங்க. பக்கத்துல ஒரு ஆளு உக்காந்தா..."

"உரசுமா?"

"உரசுமுங்க."

"கட்டாயம் உரசுமா?"

இத்தனை ஆசையாக இந்தக் கேள்வியை யுவராஜிடம் யாரும் கேட்டதில்லை. அவன் வீலை மாட்டி, மணல் மூட்டைகளை ஏற்றி, ஸ்டியரிங்கை ஒடித்து ஒடித்துப் பார்த்தான்.

"ஓட்டற ஆளையும் சேத்து எண்பத்தஞ்சு கிலோ வரைக்கும் தாங்குதுங்க. அதுக்கு மேல ஆகாது."

கருப்பண்ணனின் எடை எண்பத்திமூன்று. தனக்கென்றே வார்த்த வீல் என்று நினைத்துக்கொண்டார். பழைய வீல்களை அங்கேயே, அப்போதே விற்றார். விஜயா திரும்ப மாட்டச் சொல்லிவிடக் கூடாதல்லவா.

சந்தை நாள் வந்தது. டிக்கியில் இரண்டு பலாப்பழம். விஜயாவின் மடியில் வாழைத்தார், காலடியில் கிழங்கு மூட்டை. இறக்கத்தின் முதல் வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்தார். கரகரவென்று சத்தம் வந்தது. ரப்பர் தீய்ந்த வாடை வந்தது. அவர் மனதுக்குள் மேளம் கொட்டியது. முகத்தைச் சாவு வீட்டுக்குப் போனவர் மாதிரி வைத்துக்கொண்டு வண்டியை ஓரங்கட்டினார்.

விஜயா இறங்கினாள். வேலியோரம் கிடந்த நேரான குச்சி ஒன்றை எடுத்து வீலின் மேல் வைத்து, விரலால் அளந்தாள். கருப்பண்ணனுக்கு ஒரு கணம் எல்லாம் மறந்துபோயிற்று. முப்பது வருடத்துக்கு முன்னால் நாமக்கல்லில், அவள் அப்பா வேலை பார்த்த டயர்க் கடையில், இதே மாதிரிதான் அவருடைய ஜீப்புக்குப் பக்கத்தில் பாவாடையைச் சொருகிக்கொண்டு குந்தியிருந்தாள். நெற்றியில் கிரீஸ் ஒட்டியிருந்தது. "இந்த வீலு உங்க வண்டிக்கு ஆவாதுங்க" என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள். மறுவாரமே அவர் பெண் கேட்டுப் போனார். இப்போது காதோரம் நரைத்திருக்கிறது. குந்துகிற விதம் மட்டும் மாறவில்லை. பாவம், இவளைப் போய் ஏமாற்றுகிறோமே என்றுகூடத் தோன்றியது. தோன்றியதை அடக்கிக்கொண்டார்.

"ஒரு இஞ்ச் வெளிய நிக்குதுங்க" என்றாள்.

"ஸ்போர்ட்ஸ் காருன்னா அப்படித்தான் விஜயா. லாரி வேற, இது வேற. என்ன பண்றது, ரெண்டு பேரா போக முடியாது போலிருக்கு."

"பழைய வீலுங்க?"

"வித்துப்போட்டேன்."

"சரிங்க. எத்தன கிலோ தாங்கும்?"

"எண்பத்தஞ்சு" என்றார் பெருமையாக. "மணல் மூட்டை வெச்சுப் பாத்தாச்சு. அதுக்குள்ள இருந்தா எழுபது வளைவுலயும் உரசாது. நான் கேரண்டி."

விஜயா எழுந்து கையைத் தட்டிக்கொண்டாள்.

"நான் அம்பத்தெட்டு கிலோங்க."

எதற்குச் சொல்கிறாள் என்று அவருக்குப் பிடிபடவில்லை. "எளைச்சுத்தான் போயிட்ட" என்றார் ஆதரவாக.

"டிக்கியில இருக்கற பழம் ரெண்டும் இருபது. ஆக எழுபத்தெட்டு. சாவியக் குடுங்க."

"நீ... ஓட்டறதா? அதெல்லாம் மறந்திருக்கும்."

"எங்கப்பா வேலை பாத்த கடையில லாரியப் பின்னாடியே எடுத்து ஷெட்டுல நிறுத்துனவளுக்கு இது மறக்குமுங்களா? லைசென்ஸும் போன மாசம் புதுப்பிச்சாச்சு. பிரவீன்தான் சொன்னான், அப்பாவுக்கு வயசாகுது, நீயும் ஓட்டும்மான்னு."

"அப்ப நானு?"

"நீங்க ஒத்த ஆளே எண்பத்திமூணு. ஒரு பழத்துக்கே எடமில்ல. தாரையும் கெழங்கையும் எறக்கி வெச்சிருக்கேன், பின்னாடி பஸ்ஸு வரும், கொண்டாந்துருங்க."

அவள் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டுப் போனாள். சிவப்புக் கார் அடுத்த வளைவில் திரும்பியது. கருப்பண்ணன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். உரசுகிற சத்தமே வரவில்லை.

பஸ்ஸில் கடைசி சீட்தான் கிடைத்தது. மடியில் வாழைத்தார், காலடியில் கிழங்கு மூட்டை. பாதி மலை இறங்கியிருக்கும்போது போன் அடித்தது.

"ஏனுங்க, ஓரங்கட்டிட்டுத்தான் பேசறேன், பயப்படாதீங்க. வீல் அளவு கச்சிதமுங்க, ஒரு எடத்துலயும் உரசல."

"ம்."

"பக்கத்துல ஒருத்தரும் இல்லாம இந்த மலையில ஓட்டறது எத்தன சொகமா இருக்குது. இத்தன வருசமா நீங்க எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லவே இல்லீங்களே."