சுமைச் சோதனை

ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக், அம்மாவின் கட்டிலுக்கு நேர் மேலே ஒரு கான்வாஸ் தொட்டிலில் தொங்கிக்கொண்டிருந்தார்.

அவருக்கு வயது அறுபத்தேழு. அம்மாவுக்கு எண்பத்தொன்பது. இன்றைக்கும் தன் துணியைத் தானே துவைத்துக்கொள்கிறவள்தான். ஆனால் நாளைக்கே படுத்துவிட்டால் யார் தூக்குவது? வீட்டில் வேறு ஆள் கிடையாது. அவர் முதுகோ, வாளியைப் பார்த்தாலே பிடித்துக்கொள்ளும். இந்தக் கவலையில் இரண்டு மாதம் தூக்கம் கெட்டு, கடைசியில் உத்தரத்தில் மோட்டாரை மாட்டிவிட்டார். அம்மாவிடம் மட்டும், துணி காயப்போடத்தான் என்று சொல்லிவைத்தார்.

சுமைச் சோதனை செய்யாமல் ஆளை ஏற்றக் கூடாது என்பது தொழில் தர்மம். எனவே தானே ஏறிப் படுத்துப் பொத்தானை அழுத்தினார். தொட்டில் ஜம்மென்று மேலே போயிற்று. அந்தப் பூரிப்பில் ரிமோட் கைநழுவிக் கீழே விழுந்தது.

சத்தம் கேட்டு வந்த அம்மா அண்ணாந்து பார்த்தாள்.

"என்னடா பண்றே?"

"துணி காயப்போட முடியுமான்னு பாக்கறேன்."

"நீ ஈரமாவா இருக்கே?"

ரிமோட்டில் கீழ்ப் பொத்தானை அழுத்தச் சொன்னார். கண்ணாடி போடாத அம்மா மேல் பொத்தானை அழுத்தினாள். மூக்கு உத்தரத்தைத் தொடப்போன நேரத்தில், மெயினை அணைக்கச் சொன்னார். அணைத்தாள். மறுபடி போட்டபோது ஃபியூஸ் போய்விட்டது.

மின்சாரம் போனால் பிரேக் தானாகப் பூட்டிக்கொள்ளும், ஆள் விழவே மாட்டார். முப்பது வருடமாக அவர் மார்தட்டிக்கொண்ட சமாச்சாரம் அது. இப்போதும் அவர் விழவில்லை. பிரேக்கை விடுவிக்கலாம் என்றால், மேலே ஏறியதில் தொட்டில் இறுகி இரண்டு கையும் கான்வாஸுக்குள் மாட்டிக்கொண்டிருந்தன.

அரைமணி நேரத்தில் அவருக்கு மனசு விட்டுப்போயிற்று.

"உனக்காகத்தாம்மா செஞ்சேன். நீ படுத்துட்டா என்னால தூக்க முடியாதுன்னு பயமா இருக்கு."

அம்மா கைபேசியை எடுத்து, எண்ணைத் தேடாமலே, அவருடைய பழைய கூட்டாளியைக் கூப்பிட்டாள்.

கூட்டாளி ஏணியோடு வந்தார். பிரேக்கை விடுவித்து, அங்குலம் அங்குலமாக அவரை இறக்கினார். அப்புறம் தொட்டிலைத் தடவிப் பார்த்து, முகம் வாடி அம்மா பக்கம் திரும்பினார்.

"இவன் படுத்துட்டா உங்களால தூக்க முடியாதுன்னு போன மாசம் என்கிட்டதானேம்மா மெஷின் செய்யச் சொன்னீங்க. பாதி முடிச்சிட்டேன், அதுக்குள்ள வேற ஆள்கிட்ட வாங்கிட்டீங்களே?"