பாக்கெட் உப்பு சேர்க்காத பசிப்பொடி

“புஸ்தகத்துல பசி வர வைக்கிற பக்கம் எதுனா இருக்குதாம்மா?” என்று ஒருமுறை என்னைக் கேட்டார் பசி மாமா. எங்கள் வீட்டிலிருந்து முதன்முதலாகக் காலேஜுக்குப் போனவள் நான். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும், மரக்காணம் உப்பளப் பக்கம் பசியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்த ஒரே மனிதர் அவர்தான்.

சுக்கு, சீரகம், கறிவேப்பிலை, இன்னும் என்னென்னவோ வறுத்து இடித்த பொடி. ஒரு கல்யாணத்தில் வாசலில் நின்று ஆளுக்கொரு சிட்டிகை கொடுத்தார். முதல் பந்தியிலேயே சாம்பார் காலி. அதன் பிறகு அவர் தலையைக் கண்டாலே சமையல்காரர்கள் அண்டாவை மூடினார்கள்.

சுனாமிக்கு மறு வருஷம் அப்பாவுக்கு இதயம் பலவீனமானது. மாத்திரை கொடுத்த டாக்டர், உப்பு கூடாது என்றார். உப்பில்லாத சோற்றை அப்பா தொடவில்லை; உடம்பு எலும்பாகிக்கொண்டே வந்தது. பசி மாமா பொடி டின்னோடு வந்தார்.

“டாக்டரு சொன்னது கடையில விக்கிற பாக்கெட் உப்புப்பா. நம்ம கையால வாரின உப்பு நம்மள என்னா பண்ணிடும்?”

எங்கள் தெருவில் யாரும் கடையில் உப்பு வாங்கியதில்லை. அதனால் எல்லோருக்கும் அது நியாயமாகவே பட்டது. உப்பின் வேதியியல் பெயரை எழுதி மார்க் வாங்கிய எனக்கும்.

பொடியில் உப்பை ஒரு கை அள்ளிப் போட்டார். அப்பா தட்டை வழித்துச் சாப்பிட்டார். முகம் உருண்டது, கால் தடித்தது. மாமா தெருவையே கூட்டிவந்து அப்பாவின் காலை அமுக்கிக் காட்டினார்: “பாருங்க, விரலு எவ்ளோ ஆழம் போவுது! எல்லாம் சதை!”

சில நாளில், படுத்தால் அப்பாவுக்கு மூச்சு வரவில்லை. புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

“இது சதை இல்ல, தண்ணி. உப்பு போட்டீங்களா?” என்றார் டாக்டர்.

“பாக்கெட் உப்பு ஒரு சிட்டிகை கூட இல்லீங்க டாக்டர்! அத்தினியும் எங்க பாத்தி உப்பு!”

மாமாவின் குரல் வார்டின் கடைசிக் கட்டில் வரைக்கும் போனது. எல்லோரும் சிரித்தார்கள். நர்ஸ் மட்டும் என்னைப் பார்த்தார். “நீ காலேஜ் படிக்கிறியாமே?”

நான் கட்டிலுக்கு அடியில் இடம் இருக்கிறதா என்று பார்த்தேன்.

அப்பா பிழைத்து வீடு வந்தார். மாமா வரவில்லை. எதிரில் என்னைக் கண்டால் உப்புக் குவியலுக்குப் பின்னால் ஒளிந்தார். அப்பாவின் தட்டோ மறுபடியும் போட்டது போட்டபடி இருந்தது. பொடியில் என்னென்ன சேர்கிறது என்று தெரிந்தால்தான், உப்பில்லாமல் அதைக் கொடுக்கலாமா, மாத்திரையோடு ஒத்துக்கொள்ளுமா என்று சொல்ல முடியும் என்றிருந்தார் டாக்டர். நானே மாமாவைத் தேடிப் போனேன்.

“நீங்களே வந்து டாக்டர் கிட்ட சொல்லுங்க மாமா.”

“அந்த வார்டுக்கா? ஐயோ, சிரிப்பாங்கம்மா.”

“சிரிக்கட்டும். நம்ம ரெண்டு பேரையும் சேர்த்தே சிரிக்கட்டும்.”

மறுநாள் காலை டின்னை மார்போடு அணைத்தபடி, வரலாமா வேண்டாமா என்று அவர் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் தயங்கி நின்றார். அதற்குள் புதுச்சேரி பஸ்ஸில், என் பக்கத்து சீட்டில் கைக்குட்டையைப் போட்டு அவருக்கு இடம் பிடித்துவிட்டிருந்தேன்.