வேண்டுதல் சரத்தில் தண்ணீர் ஊற்றிய விவரம்

உ

சாத்தூர்,
கார்த்திகை, வெள்ளிக்கிழமை.

சிவகாசியில் அச்சாபீஸும் வீடுமாகச் செழித்து விளங்கும் திரு. சபரிநாதன் அண்ணாச்சி அவர்கள் சமூகத்துக்கு, அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வைத்துப் பிழைக்கும் சங்கரபாண்டியன் மிகுந்த வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

இவ்விடம் நானும் என் மனைவி பத்திரகாளியும் மகள் ரோஷினியும் சுகம். அவ்விடம் தாங்களும் மதினி சுப்புலட்சுமி அவர்களும் மாப்பிள்ளை ஹரிஷ்குமாரும் சுகமாக இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன். 'மாப்பிள்ளை' என்று எழுதிவிட்டு, அதை அடிக்கலாமா வேண்டாமா என்று பேனாவைப் பிடித்தபடி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். நேற்று மதினி என் வீட்டுக்காரியிடம் போனில், "வேண்டுதல் வெடியில தண்ணிய ஊத்தி அணைச்சுப்புட்டாக. இதுக்கு மேல அபசகுனம் என்ன வேணும்? நிச்சயத்தைத் தள்ளி வைப்போம்" என்று சொன்னார்களாம். அதைக் கேட்ட பிறகும் அந்த வார்த்தையை எழுத எனக்கு உரிமை உண்டா, தெரியவில்லை. ஆனாலும் அடிக்கவில்லை. உங்களுக்குப் போன் போட்டால் எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். ஆகவே இந்தக் கடிதத்தை லோடு வண்டி ஓட்டும் மொக்கைச்சாமி கையில் கொடுத்து அனுப்புகிறேன். முழுக்க வாசித்துவிட்டு என்னைத் திட்டுங்கள்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் பார்த்த வீடியோ உண்மைதான். அதில் ஆரஞ்சு நிறத் துணியை மடித்துக் கட்டிக்கொண்டு, பின்னால் பல தேசத்து ஜனங்கள் வெறுங்காலோடு ஓடிவர, முன்னால் ஓடுகிறவன் நான்தான். கடைசியில் குடத்துத் தண்ணீரைக் கவிழ்க்கிறவனும் நான்தான். 'அச்சங்குளம் புத்தர்' என்று அதற்குப் பெயர் வைத்தவன் யார் என்பதை நான் பிறகு விசாரித்துக்கொள்கிறேன். ஆனால் அண்ணாச்சி, அது நடுவிலிருந்து வெட்டிய துண்டு. தலையும் காலும் இல்லாத காலண்டரை நீங்கள் மெஷினை விட்டு வெளியே அனுப்புவீர்களா? அதுபோல இதையும் முழுசாகப் பார்க்க வேண்டும்.

தீபாவளி சீசன் முடிந்து, கடைசி லோடும் போன பிறகு, பட்டாசு ஆலைச் சங்கத்து ஆட்கள் நாலைந்து குடும்பமாகச் சேர்ந்து தாய்லாந்துக்கு டூர் போனோம். இது உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாத ஒன்றும் உங்களுக்குத் தெரியும். அந்த ஊரில் மலைமேல் ஒரு பெரிய புத்தர் இருக்கிறார், அங்கே வேண்டிக்கொண்டு ஒரு சரம் வெடித்தால் நினைத்தது தடையில்லாமல் நடக்கும் என்று மதினி யூடியூபில் பார்த்திருக்கிறார்கள். பிள்ளைகள் கல்யாணத்துக்காக ஒரு சரம் வெடித்துவிட்டு வரச் சொல்லி என் வீட்டுக்காரியிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இதை அவள் என்னிடம் மூச்சுவிடவில்லை. சொன்னால் 'சிவகாசிக் கல்யாணத்துக்கு அந்நிய தேசத்துச் சரமா' என்று குதிப்பேன் என்று பயந்தாளாம். குதித்துத்தான் இருப்பேன். இருந்தாலும் தரையில் குதித்ததோடு போயிருக்கும், மலையிலிருந்து ஓட வேண்டி வந்திருக்காது.

எல்லாம் அந்த அரைக்கால் டவுசரில் ஆரம்பித்தது. டூர் என்றால் டவுசர்தான் போட வேண்டும் என்று ரோஷினி வாங்கிக் கொடுத்திருந்தாள். கோயில் வாசலில் இருந்த அம்மா என் முழங்காலைப் பார்த்துவிட்டு, ஒரு ஆரஞ்சுத் துணியைக் கொடுத்து இடுப்பில் கட்டச் சொன்னார். கட்டினேன். நாலு படி ஏறியதும் பழக்கதோஷம், என்னை அறியாமல் துணியைத் தூக்கி மடித்துக் கட்டிவிட்டேன். அந்த அம்மா ஓடி வந்து இறக்கிவிட்டார். மறுபடி ஏறினேன், மறுபடி மடித்தேன், அவர் மறுபடி வந்தார். வேட்டி கட்டிப் பழகியவனுக்குப் படியைப் பார்த்தால் கை சும்மா இருக்காது அண்ணாச்சி, அதில் அவமரியாதை ஒன்றும் இல்லை. கடைசியில் அந்த அம்மாவுக்கு மூச்சு வாங்கி, என்னைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார்.

மண்டபத்து வாசலில் ஒரு செம்புத் தகடு அடித்திருந்தது. எங்கள் ஆலையில் வெடிமருந்து அறைக்குள் நுழையுமுன் உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்க வேண்டும் என்று வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் எல்லாரும் உள்ளே போவோம். முதலாளியும் தொட வேண்டும், ஆய்வுக்கு வருகிற அதிகாரியும் தொட வேண்டும். தகட்டைக் கண்டதும் நானும் நின்று, இரண்டு உள்ளங்கையையும் பதித்து, மூச்சை இழுத்து விட்டுவிட்டு உள்ளே போனேன். எனக்குப் பின்னால் வந்த வெள்ளைக்காரத் தம்பதி அதைப் பார்த்துவிட்டு அதேபோல் தொட்டார்கள். அவர்களைப் பார்த்து ஜப்பான்காரர்கள் தொட்டார்கள். கொஞ்ச நேரத்தில் வரிசையே நின்றுவிட்டது. எங்களைக் கூட்டிப்போன டூர் மேனேஜர் தங்கப்பாண்டியன் மதுரைக்காரர். அவர் என் காதோரம் வந்து, "அண்ணாச்சி, அது கழிவறைக்குப் போற வழி காட்டுற போர்டு" என்றார். அதற்குள் ஒரு பெண் அதில் நெற்றியை வைத்துக் கண்ணை மூடியிருந்தாள். நான் எப்படிப் போய்ச் சொல்வது?

கால் வலிக்கிறது என்று சொல்லி என் வீட்டுக்காரியும் ரோஷினியும் கீழே மண்டபத்திலேயே இருந்துகொண்டார்கள். அது பொய் என்று எனக்குத் தெரியாது. நான் மட்டும் மேலே ஏறிப் புத்தருக்கு முன்னால் போய் நின்றேன். அண்ணாச்சி, அந்த வெள்ளை உருவத்தை என்னவென்று சொல்வேன்! அண்ணாந்து பார்த்தால் நாடிதான் தெரிகிறது. அந்த முகத்தைப் பார்க்கப் பத்தடி பின்னால் போக வேண்டும், போனால் மலை முடிந்துவிடும். அதை உங்கள் காலண்டரில் போட்டால் தேதி கிழிக்கத் தாள் வைக்க இடம் இருக்காது. கீழே கடல், மேலே காற்று. ஆடி மாதம் தொட்டு ஆர்டர், மழை, ஆய்வு, லாரி என்று உருண்டுகொண்டிருந்த என் மனசு முதல் தடவையாக அடங்கிப் படுத்தது. இந்த நிம்மதியை ஊருக்கு எப்படிக் கொண்டுபோவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கீழேயிருந்து படபடபடவென்று சத்தம், அதன் பின்னாலேயே புகை.

நம் பக்கத்து விவகாரம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேலை நேரத்தில் சத்தம் கேட்டால் நமக்கு அது பண்டிகை இல்லை. எந்த ஊர், யார் ஷெட்டு என்று தெருவே வாசலுக்கு வந்து நிற்கும். வெடி செய்து விற்கிறவனுக்கு வெடிச் சத்தத்தில் சந்தோஷம் கிடையாது. தீபாவளி அன்றைக்குக்கூட முதல் வெடிக்கு வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். கீழே ஊதுபத்தியும் மெழுகுவர்த்தியும் எரிந்துகொண்டிருந்ததை வரும்போதே பார்த்திருந்தேன். அதற்குப் பக்கத்தில் வெடிச் சரக்கு வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் எனக்குள் இருந்த டூரிஸ்ட் போய்விட்டான், ஆலைக்காரன் வந்துவிட்டான்.

"ஏலே, எல்லாரும் வெளிய வாங்க. செருப்பைத் தேடாதீக. போனைத் தொடாதீக. பின்பக்கப் படி, பின்பக்கப் படி" என்று கத்தினேன். சுத்தத் தமிழ்நாட்டுக் கத்தல். ஆனால் நிஜமாகப் பயந்தவன் கத்தினால் எந்த நாட்டுக்காரனுக்கும் புரிகிறது. அத்தனை பேரும் என் பின்னால் இறங்கி ஓடி வந்தார்கள். வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு மரத்தடியில் வரிசையாக நிறுத்தி, ஆலையில் செய்வதுபோல் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினேன். தங்கப்பாண்டியன் இரைக்க இரைக்க ஓடி வந்து, "அண்ணாச்சி, இந்த ஊர்ல அடுத்தவுக தலையைத் தொட்டா பெரிய குத்தம்" என்றார். ஆனால் வரிசையில் நின்றவர்கள் அதை ஆசீர்வாதம் என்று நினைத்துக் கையைக் கூப்பிக்கொண்டு குனிந்தார்கள். ஒரு பாட்டியம்மா காரில் தூங்கிக்கொண்டிருந்த தன் வீட்டுக்காரரை எழுப்பிக் கூட்டிவந்து என் கைக்குக் கீழே நிறுத்தினார்.

எண்ணி முடித்தேன். எல்லா நாட்டுக்காரர்களும் இருந்தார்கள். என் பொண்டாட்டியும் பிள்ளையும் இல்லை.

இங்கேதான் அண்ணாச்சி நீங்கள் நிதானமாக வாசிக்க வேண்டும். அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் ஓடவில்லை. மண்டபத்து ஓரத்தில் பூ மிதக்கும் ஒரு குடம் இருந்தது. பிட்சுகள் தெளிக்கிற தீர்த்தம் என்று பிறகுதான் தெரிந்தது. அதைத் தூக்கிக்கொண்டு, ரோஷினி, ரோஷினி என்று கத்தியபடி புகைக்குள் நுழைந்தேன். செங்கல் சூளை மாதிரி ஒரு கூண்டு, உள்ளே நெருப்பு. அப்படியே கவிழ்த்தேன். பாதித் தண்ணீர் கூண்டிலும் பாதித் தண்ணீர் பக்கத்தில் நின்ற ஒரு வயசான பிட்சுவின் தலையிலும் விழுந்தது. சரம் அணைந்தது. புகை விலகினால், ரோஷினி கையில் ஊதுபத்தியோடு என் முன்னால் முழுசாக நிற்கிறாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அது வீடியோவில் வராது. அந்த நேரம் எல்லாரும் பிட்சுவைத்தான் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரி மட்டும், "நீங்க அணைச்சது நம்ம பொண்ணு கல்யாணத்துச் சரம்" என்றாள்.

ஆக, மதினியின் வேண்டுதலை நான் அணைத்தது நிஜம். ஆனால் எதற்காக அணைத்தேன்? உங்கள் வீட்டுக்கு வரப்போகிற பிள்ளை அந்தப் புகைக்குள் இருக்கிறாள் என்றுதானே அணைத்தேன்? அந்தப் பிட்சுவுக்குக் கோபமே வரவில்லை. தாடையிலிருந்து பூவை எடுத்துப் போட்டுவிட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார். உள்ளே போய் இன்னொரு சரத்தை எடுத்து வந்து என் கையிலேயே கொடுத்தார். நான் சும்மா வைப்பேனா? திரியைத் தடவிப் பார்த்து, முடிச்சைத் திருத்தி, மெழுகுவர்த்தியை எல்லாம் அப்புறப்படுத்தி, ஒரு வாளி மணல் கொண்டுவரச் சொல்லி, ஜனங்களைத் தள்ளி நிற்க வைத்து, அதற்குப் பிறகுதான் பற்ற வைத்தேன். அதற்கு முன்னால் இரண்டு தடவை ஊதுபத்தியைத் திரியிடம் கொண்டுபோய்த் திருப்பி எடுத்துக்கொண்டேன். வெடிக்குப் பயந்து இல்லை. இது வெடித்து முடிந்தால் பிள்ளை நம்மை விட்டுப் போய்விடுவாளே என்றுதான். சரம் ஒன்று விடாமல் வெடித்தது. அந்நியச் சரக்கானாலும் நல்ல சரக்கு, இதைச் சங்கத்தில் யாரிடமும் சொல்லாதீர்கள்.

ஆகவே வேண்டுதல் நிறைவேறிவிட்டது, அபசகுனம் ஒன்றும் இல்லை என்று மதினியிடம் எடுத்துச் சொல்லுங்கள். நானும் திருந்திவிட்டேன். இனி எங்கே சத்தம் கேட்டாலும், ஏன் என்று விசாரிக்காமல் தண்ணீரைத் தொட மாட்டேன். இது எங்கள் பத்திரகாளியம்மன் மேல் ஆணை, வீட்டில் இருக்கும் பத்திரகாளி மேலும் ஆணை. நிச்சயத்தைத் தள்ளி வைக்காதீர்கள். ரோஷினி சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறாள். பார்க்க முடியவில்லை அண்ணாச்சி.

மதினிக்கு என் கும்பிடு. மாப்பிள்ளைக்கு என் ஆசி. உங்கள் மெஷின் நிற்காமல் ஓடவும், பேப்பர் விலை இறங்கவும் புத்தரையும் வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தியாகவே இருக்க விரும்பும்
சங்கரபாண்டியன்.

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து உறையில் போடும்போது வாசலில் படபடவென்று சத்தம் கேட்டது. நான் விசாரிக்கவில்லை. துவைக்கிற இடத்திலிருந்த வாளியோடு ஓடினேன். நடந்ததை நீங்களே அனுபவித்தீர்கள், இருந்தாலும் கடிதம் முழுசாக இருக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன். அங்கே அணைந்ததை இங்கே நம் ஊர்ச் சரத்தால் வெடித்து முடித்துவிடலாம் என்று மதினியே மனசு மாறி, தாம்பாளத்தோடு உங்களையும் கூட்டிக்கொண்டு வந்ததும், நீங்கள் என் வாசலில் சரத்தைப் பற்ற வைத்ததும் எனக்கு எப்படித் தெரியும்? இதுவும் பாதியில் அணைந்துவிட்டது. இப்போது நீங்கள் என் வேட்டியைக் கட்டிக்கொண்டு என் எதிரே உட்கார்ந்து இதன் முன்தாள்களை வாசிக்கிறீர்கள், உங்கள் சட்டை கொடியில் காய்கிறது, மொக்கைச்சாமிக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. உள்ளே மதினி தலையைத் துவட்டிக்கொண்டே என் வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருப்பது இங்கே வரைக்கும் கேட்கிறது: "நாங்க பேப்பரைக் குவிச்சு வச்சுப் பிழைக்கிறவுக. சத்தம் கேட்டதும் வாளியத் தூக்குற சம்பந்தி வேற எங்கன கிடைப்பாக? தை பொறந்ததும் நிச்சயத்தை வச்சுக்கிடுவோம். அவுக கையில மட்டும் தண்ணிச் செம்பைக் குடுத்துராதீக."