மேகம் பார்க்கும் தேங்காய்

திண்டிவனத்திலிருந்து யூடியூபர் விருத்தாசலம் வருகிறார் என்றதும், பனமலைப் பக்கத்திலுள்ள அந்தச் சின்ன ஊரில் காலை ஏழு மணிக்கே இருநூறு பேர் கூடிவிட்டார்கள். போன கிராம சபைக்கு வந்தவர்கள் பதினாறு பேர். அதில் நான்கு பேர் டீக்காக வந்தவர்கள்.

விருத்தாசலம் முன்பு உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்த்தவர். படுத்திருக்கும் தேங்காய் எழுந்து நின்றால் அங்கே தண்ணீர் இருக்கிறது என்பார். போர் போடுவார்கள். முந்நூறு அடிக்கும் புழுதிதான் வரும். கீழே பார்த்துச் சரிப்படாததால் மேலே பார்க்கத் தொடங்கினார். இப்போது அவருடைய ‘வானம் பேசுது’ சேனலுக்கு நான்கு லட்சம் பேர். உலகம் ஏன் சூடாகிறது, அரசாங்கம் மின்சாரத்தை எதிலிருந்து எடுக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தத் தேங்காயின் பொறுப்பில் இருந்தன. சோலார் பலகை மேகத்தின் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது, அதனால்தான் மழை இல்லை என்று தேங்காய் கண்டுபிடித்திருந்தது. ஒவ்வொரு வீடியோவுக்கு முன்பும் ஒரு டீசல் இன்ஜின் கடை விளம்பரம் வரும். அது தற்செயல்.

பச்சைமுத்து ஒரு வீடியோவையும் விட்டதில்லை. கயிற்றுக் கட்டிலில் மல்லாந்து, போனை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு பார்ப்பார். இரண்டு ஏக்கர் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டிருந்தார். கரண்டுக்கு எழுதிக் கொடுத்துப் பல வருடம் ஆகிறது. டீசல் இன்ஜின் தண்ணீரை விட இருமலைத்தான் அதிகம் இறைத்தது. மானியத்தில் சோலார் பம்பு அவர் பேருக்கு வந்திருந்தது. திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

“விழுது மண்ணுல எறங்கி காய் புடிக்கிற நேரம். இப்ப தண்ணி இல்லன்னா வெறும் கொடிதான் மிஞ்சும். கையெழுத்து போடுங்க” என்றாள் அவர் மனைவி வேணி.

“நாலு லட்சம் பேரு பாத்துக்கினு இருக்காங்க. அத்தினி பேரும் முட்டாளா?”

“அதுல எத்தினி பேரு மல்லாட்டை போட்டிருக்கான்?”

பச்சைமுத்து அடுத்த வீடியோவுக்கு லைக் போட்டார்.

அது மட்டும் செய்திருந்தால் பரவாயில்லை. பக்கத்து நிலத்துக்காரர் தொம்மை ஆறு மாதம் முன்பு சோலார் பம்பு போட்டிருந்தார். ஊரெல்லாம் காய்ந்து கிடக்க அவர் நிலம் மட்டும் பச்சையாக இருந்தது. பம்பு இறைக்கிறது, பயிர் குடிக்கிறது என்று யோசிப்பது மிகவும் சாதாரணம். பச்சைமுத்து யோசித்தது வேறு. அதை வீடியோ எடுத்து, “எங்கள் மழையைக் குடித்தது யார்?” என்று எழுதி விருத்தாசலத்துக்கு அனுப்பிவிட்டார். முப்பது வருடம் ஒருவர் நிலத்துக்கு ஒருவர் மடை திருப்பிவிட்ட சிநேகிதம் அது.

விருத்தாசலம் லைவ் போட்டுக்கொண்டே தொம்மையின் பலகைகளை நெருங்கினார். தேங்காய் விறைத்து எழுந்து நின்றது. கூட்டம் கை தட்டியது. மேகத்தைக் காக்கும் செம்புத் தகடு, தலைக்கு ஒன்று வீதம் விற்றுத் தீர்ந்தது. பச்சைமுத்துவும் ஒன்று வாங்கினார்.

“பிரிச்சு எறிங்கடா!” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

தொம்மை பலகைகளுக்கு முன்னால் போய் நின்றார். “இது எம் புள்ளைங்க சோறுயா. பச்சைமுத்து, நீயாவது சொல்லுடா.”

பச்சைமுத்து செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வேணிதான் முன்னால் வந்தாள். “ஐயா, களத்துல ரெண்டு தார்ப்பாய் மூடி வெச்சிருக்கேன். ஒண்ணுல தொம்மை அண்ணன் கழட்டிக் குடுத்த சோலார் பலகை இருக்குது. எதுலன்னு உங்க தேங்கா சொல்லட்டும். சரியா சொல்லிட்டா மீதியை நானே பிரிக்கிறேன். எங்க ஊட்டுக்காரரும் கையெழுத்து போட மாட்டாரு.”

“மூடி வெச்சா சக்தி தெரியாதும்மா.”

“முந்நூறு அடிக்குக் கீழ இருக்கிற தண்ணி தெரியும், தார்ப்பாய்க்குக் கீழ தெரியாதா?”

கூட்டம் சிரித்தது. லைவ் ஓடிக்கொண்டிருந்தது. விருத்தாசலத்துக்கு வேறு வழியில்லை.

களத்தில் ஒரு தார்ப்பாய் தெற்கே பார்த்துச் சாய்வாக, கம்பீரமாக நின்றது. இன்னொன்று தரையோடு தரையாகக் கிடந்தது. விருத்தாசலம் கண்ணை மூடி முணுமுணுத்து, முக்கால் கண்ணைத் திறந்து, சாய்ந்து நின்றதை நெருங்கினார். தேங்காய் படக்கென்று எழுந்தது. “ஐயோ, இன்னா வேகமா உறிஞ்சுது! கை எரியுதுப்பா!”

“அதையும் ஜல்தி பாத்துடுங்க” என்றாள் வேணி.

கிடந்ததன் மேல் தேங்காய் சமர்த்தாகப் படுத்துக்கொண்டது. “இதுல ஒண்ணுமில்ல. வெறும் சாமான்.”

வேணி வெறும் சாமானைத் திறந்தாள். சோலார் பலகை வெயிலில் பளபளத்தது. பிறகு சாய்ந்து நின்ற தார்ப்பாயை உருவினாள்.

பச்சைமுத்துவின் கயிற்றுக் கட்டில்.

 “எங்க ஊட்டுக் கட்டிலுதான் மழையைக் குடிச்சுதா? அதுல படுத்துக்கினுதான இவரு உங்க வீடியோ பாத்தாரு!” என்றாள் வேணி. லைவ் பட்டென்று நின்றது. நெட்டு போய்விட்டதாம். விருத்தாசலமும் போய்விட்டார். தேங்காய் களத்திலேயே கிடந்தது. அன்று மதியம் தொம்மை வீட்டில் சட்னி.

 போன வருடமும் மழை இல்லை, அப்போது ஊரில் ஒரு சோலார் பலகைகூட இல்லை என்பது பச்சைமுத்துவுக்கு இப்போதுதான் நினைவு வந்தது. தொம்மையிடம் போய், “வீடியோ அனுப்பினது நான்தான்டா” என்றார்.

“தெரியும். பின்னால உன் இன்ஜின் இருமுன சத்தம் கேட்டுது” என்றார் தொம்மை. “போ, கையெழுத்து போட்டுட்டு வா. அதுவரைக்கும் எங்கிட்டருந்து தண்ணி திருப்பிக்க.”

மறுநாள் புதிய வீடியோ வந்தது: ‘கயிற்றுக் கட்டில் மழையைத் தடுக்கிறதா? அதிர்ச்சி உண்மை!’ ஆறு லட்சம் பேர் பார்த்தார்கள். வளவனூர்ப் பக்கம் சிலர் தரையில் படுக்கத் தொடங்கிவிட்டதாகக் கேள்வி. தரையிலோ கட்டிலிலோ, எங்கே வேண்டுமானாலும் படுக்கட்டும். எழுந்ததும் போனைத் தேடுவதற்கு முன்னால் மூளை இருக்கிறதா என்று ஒரு தடவை தேடிப் பார்த்தால் போதும்.