ரொட்டிப் புலவர்

வாசகரே, ரொட்டியைத் தின்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ரொட்டியைப் பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் தெருவில் ஒருவர் உண்டு, காப்பீட்டு அலுவலகத்தில் அதிகாரி. வேலை அவருக்கு ‘பிரெட் அண்ட் பட்டர்’, வீட்டில் தாம் ‘பிரெட்வின்னர்’, புதிதாக மாட்டிய மின்விசிறிகூட ‘ஸ்லைஸ்ட் பிரெட்’டுக்குப் பிறகு வந்த அற்புதம், மேலாளரிடம் குழைகிற குமாஸ்தாவைக் கண்டால், தன் ரொட்டியில் வெண்ணெய் எந்தப் பக்கம் என்று தெரிந்தவன் என்று ஆங்கிலத்தில் சொல்லி, புரியாதவர்களுக்கு ஒரு தடவை, புரிந்தவர்களுக்கு இரண்டு தடவை விளக்குவார். தெரு வைத்த பெயர் ரொட்டிப் புலவர். கடைக்குப் போய் ஒரு ரொட்டி வாங்கியிருப்பாரா? அதெல்லாம் மனைவியின் இலாகா.

அந்த மனைவி காய்ச்சலில் படுத்துவிட்டாள். இரண்டு நாளாக வயிற்றில் எதுவும் தங்கவில்லை. பாலில் தொட்டு ரொட்டி கொடுங்கள் என்றார் டாக்டர். அவள் முனகுவதைப் பார்க்கப் புலவருக்குப் பொறுக்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

பேக்கரியில் ஒரே ஒரு ரொட்டி மிச்சம். காசைக் கொடுத்து வாங்க வேண்டியதுதானே? மாட்டார். ‘பேக்கர்ஸ் டஸன்’ என்றால் பன்னிரண்டு அல்ல, பதின்மூன்றாக்கும் என்று கடைக்காரரிடம் ஆரம்பித்தார். கடைக்காரர் தலையைத் தலையை ஆட்டிக்கொண்டே, பின்னால் நின்ற நர்ஸம்மாவுக்கு ரொட்டியைக் கட்டிக் கொடுத்துவிட்டார்.

புலவர் பதறிப்போய் மனைவி படுத்திருப்பதைச் சொன்னார். விஷயத்தைக் கேட்ட நர்ஸம்மா பொட்டலத்தைப் பிரித்தாள்.

“பாதி எடுத்துக்கோங்க சார். அவங்களுக்கு அது போதும்.”

அட, இதற்கென்றே ஆங்கிலத்தில் ஒரு பழமொழி இருக்கிறதே! ஒன்றுமில்லாததற்கு அரை ரொட்டி மேல். புலவர் முகம் மலர்ந்தது. பழமொழியைச் சொன்னார், பொருளைச் சொன்னார், எந்தச் சந்தர்ப்பத்தில் எடுத்துவிட வேண்டும் என்பதையும் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் பேருந்து வந்து, நர்ஸம்மா முழு ரொட்டியோடு ஏறிப் போயே விட்டாள்.

வெறும் பையோடு கட்டிலருகே நின்று நடந்ததை ஒன்றுவிடாமல் ஒப்பித்தார், பழமொழி உட்பட. மனைவி கண்ணைத் திறந்தாள்.

“பால் ஆறிப்போச்சு. நீங்க சொன்னதுல எதைத் தொட்டுச் சாப்பிடறது?”

புலவரை வெட்கம் பிடுங்கித் தின்றது. மறுபடி கிளம்பி, நாலு தெரு தாண்டி, வாயே திறக்காமல் விரலால் காட்டி ஒரு ரொட்டி வாங்கி வந்தார்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் அந்தப் பதின்மூன்று சமாசாரத்தை இன்றைக்கே யாரிடமாவது அவிழ்த்துவிட நாக்கு துறுதுறுக்கிறதோ? அதற்கு முன், வீட்டில் உங்களை என்ன வாங்கி வரச் சொன்னார்கள் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.